தேசிங்கின் குதிரையும் அரங்கநாதரின் கழுத்தும்

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் குன்றில், பல்லவர் காலக் குடைவரையில், அரங்கநாதர் படுத்திருக்கிறார். தலை ஒருபுறம் திரும்பியிருப்பதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்வார்கள். போருக்கு விடை கேட்டு வந்த தேசிங்குராஜனுக்குச் சம்மதம் தர மனமில்லாமல் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் கேட்கவில்லை, போனான், மாண்டான். சிலையோ தேசிங்குக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தது. ஏற்கெனவே திரும்பியிருந்த கழுத்தில் கதைப்பாட்டு தன் தீர்ப்பை ஏற்றிவைத்திருக்கிறது.

காகிதங்கள் சொல்லும் சங்கதி வேறு. 1698இல் மராட்டியரிடமிருந்து கோட்டையைப் பிடித்த முகலாயர், சில வருஷத்தில் சுவரூப் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரைக் கில்லேதாராக வைத்தார்கள். அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். தமிழ் நாக்கில் அவன் தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் தந்தை வைத்துப்போன கப்ப பாக்கியைக் கேட்டார், பையன் மறுத்தான். 1714 அக்டோபர் 3ஆம் தேதி போர். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. ஆட்சி ஏறத்தாழப் பத்து மாதம். கோட்டையைக் கட்டிப் பெருக்கிய நாயக்கர்களுக்கு வாய்க்காத பாட்டு, தோற்றுப்போன இந்த வடக்கத்திப் பையனுக்கு வாய்த்தது.

அந்தப் பாட்டில் அரசன் என்பவன் என்ன செய்கிறான்? நம் புறப்பாடல்களில் அரசன் கொடுப்பவன். யானையும் ஊரும் பொற்பூவும் பாணனுக்குப் போகும். பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘பேவுல்ஃப்’ காவியத்தில் வளையம் வழங்குபவன் என்பதே அரசனுக்கு ஒரு பெயர். மண்டபமும் மதுவும் பொன்னும் அவனுடைய அதிகாரத்தின் கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள். தேசிங்கு யாருக்கும் அள்ளிக் கொடுத்துப் பேரெடுக்கவில்லை. யாரும் அடக்கமுடியாத பாராசாரியின் மேல் ஏறுகிறான். கல்யாணப் பந்தலிலிருந்து தோழன் மோவுத்துக்காரனை, அதாவது மகபத் கானை, அழைக்கிறான். அவனும் எழுந்து வருகிறான். ஒரு மிருகமும் ஒரு மனிதனும் அவனுக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதே அவன் ராஜா என்பதற்குச் சாட்சி. பிறகு அந்த மறுப்பு. கொடுத்துப் பெறும் பெருமையின் இடத்தில் கொடுக்க மறுத்துப் பெறும் பெருமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. (பின்னாளில் நம் சினிமா இதை வசனமாக்கிக் கைதட்டல் வாங்கியது தனிக்கதை.)

இதற்கு நெருங்கிய உறவு ‘பேவுல்ஃப்’ அல்ல, ‘மால்டன் போர்’ என்ற துண்டுக் கவிதை. கி.பி. 991இல் எசெக்ஸ் கரையில் வைக்கிங்குகள் இறங்கிக் கப்பம் கேட்டார்கள். பிர்ட்நோத் என்ற நரைத்த தலைவன் ஈட்டிகளைத்தான் தருவேன் என்றான். அவனும் அரசனில்லை, எத்தல்ரெட் மன்னனின் அதிகாரி. முகலாயக் கில்லேதாரைப்போல அவனும் கவிதைக்குள்தான் முழு அரசனாகிறான். இங்கே சங்கராபரணி, அங்கே ஓதம் ஏறி இறங்கும் ஒரு கழி. இரண்டு இடத்திலும் தலைவனோடு சாகத் துணிந்த தோழமை.

குதிரையில்தான் இரண்டும் பிரிகின்றன. மால்டனில் குதிரைகளை விரட்டிவிட்டுத் தரையில் நின்று போரிடுகிறார்கள், பிர்ட்நோத்தும் இறங்கிவிடுகிறான். அவன் விழுந்ததும் கோட்ரிக் என்பவன் தலைவனுடைய குதிரையில் ஏறி ஓட, தலைவனே ஓடுகிறான் என்று நம்பிப் படை கலைகிறது. ஆள் செத்தபின்னும் அந்தஸ்து சேணத்தில் மிச்சமிருந்தது, அதை ஒரு கோழை எடுத்துக்கொண்டு போனான் என்பது பயங்கரமான கற்பனை. நம் பாட்டில் அந்தப் பிளவுக்கு இடமில்லை. பாராசாரியையும் ராஜாவையும் பிரித்துப் பார்க்க முடியாது.

எதிரியைக் கழி கடக்கவிட்ட பிர்ட்நோத்தின் செயலை ‘ஓஃபர்மோட்’ என்ற சொல்லால் அந்தக் கவி குறிக்கிறான். செருக்கா, மிகுந்த துணிவா என்று இன்றுவரை அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். டோல்கீன் 1953இல் அதைக் குற்றமாகவே வாசித்தார். நம் பாட்டுக்காரனுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. ஒரு கல் கழுத்து போதும். நேசமுள்ள தெய்வம் முகம் திருப்புகிறது. ஆனால் பாட்டு தேசிங்கிடமிருந்து முகம் திருப்பவில்லை. இந்த இரட்டை நிலையை நம் விமர்சகர்கள் வெறும் வீரவழிபாடு என்று ஒதுக்கியது அவசரம்.

பாட்டு மறைப்பதும் உண்டு. பாக்கி யாருடைய வயலிலிருந்து வரவேண்டியது என்று அது கேட்பதில்லை. மால்டன் கவியும் கேட்கவில்லை. அந்த 991இலேயே இங்கிலாந்து வைக்கிங்குகளுக்குப் பத்தாயிரம் பவுண்டு கொடுத்ததாக ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு ஒரு வரியில் எழுதிவைத்திருக்கிறது. செஞ்சியில் ஜெயித்த நவாப், உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாக ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டை என்று ஒரு ஊருக்குப் பேர் வைத்தார் என்பார்கள். கொடுக்கிற வேலை கடைசியில் அவர் கைக்குப் போயிருந்தது.