ஜாய்ஸ்டிக்கின் கதை

கணினியில் விமானம் ஓட்டி விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு முறையீடு அடிக்கடி எழும். கைப்பிடியைத் தொடாமலே விமானம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பார்கள். கருவி பழுதென்று எண்ணிப் புதியதை வாங்கிவிடும் பெற்றோர் உண்டு. ஆனால், இக்கோளாற்றுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

ஜாய்ஸ்டிக் முதலில் மெய்யான விமானத்தின் உறுப்பு. 1909 ஜூலை 25ஆம் நாள் பிரான்சு நாட்டவரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, விமானத்தை ஏற்றி இறக்கவும் பக்கவாட்டில் சாய்க்கவும் ஒரே கைப்பிடியைத்தான் பயன்படுத்தினார்.

தரையில் அமர்ந்தே அதைப் பழகும் கருவியை 1929இல் உருவாக்கியவர் அமெரிக்கரான எட்வின் லிங்க். அவர்தம் தந்தையார் பிங்கம்டன் நகரில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். ஆர்கனுக்குரிய துருத்திகளையும் காற்றழுத்தத்தையும் கொண்டே மகன் ஒரு சிறு விமானக் கூண்டைச் சாயவும் திரும்பவும் வைத்தார். முதலில் அதை விரும்பி வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்களே! 1934இல் அமெரிக்கப் படை விமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்று, இரவிலும் கடும் வானிலையிலும் பறந்து பலர் மாண்டனர். அதன் பின்னரே படைத்துறை ஆறு கருவிகளை வாங்கியது. விளையாட்டுப் பொருள் பயிற்றுக்கருவி ஆவதற்கு இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

கணினிக்கு வருவோம். 1977இல் வெளிவந்த அட்டாரி கைப்பிடிக்குள் வெறும் சுவிட்சுகள்தாம் இருந்தன. சாய்வு உண்டு அல்லது இல்லை, அவ்வளவே. விமானத்திற்கோ கால்பங்குச் சாய்வும் வேண்டும். எனவே, 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் ஜாய்ஸ்டிக்கில் மாறும் மின்தடைகள் அமைந்தன. மின்தேக்கி ஒன்று நிரம்பும் நேரத்தை எண்ணியே கைப்பிடி நிற்கும் இடத்தைக் கணினி அறிந்தது. மின்தடை சூடேறினாலும் தேய்ந்தாலும் அவ்வெண் மாறிவிடும். வேகம் கூடிய கணினியிலும் மாறும். ஆகவே, கைப்பிடியை நான்கு மூலைக்கும் கொண்டுசென்று, பின் நடுவில் விட்டு, எல்லை எது, நடு எது என்று கணினிக்கு நாமே கற்பிக்க வேண்டியிருந்தது. இதுவே அளவுத் திருத்தம். 1982இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் வரிசையைப் பல்லாண்டுகள் விளையாடியோர் இச்சடங்கை நன்கறிவர்.

பின்னர் யு.எஸ்.பி. இணைப்பு வந்தது; சில கருவிகளில் மின்தடைக்கு மாற்றாகத் தேய்மானமற்ற காந்த உணரிகளும் வந்தன. எனினும் திருத்தம் மறையவில்லை. விண்டோஸில் அதற்கான பகுதி இன்றும் உள்ளது. முதலில் அங்கே அளவைத் திருத்துங்கள். அதன் பிறகும் விமானம் தானே சாய்ந்தால், விளையாட்டின் அமைப்பில் நடுவிலுள்ள அசைவற்ற பகுதியைச் சிறிதளவு கூட்டுங்கள். மிகுதியாகக் கூட்டினால், தரையிறங்கும் வேளையில் பிள்ளை மெல்லத் திருப்புவதை விமானம் உணராது; கையை இன்னும் அழுத்தியதும் திடுமெனப் புரளும். கைப்பிடியின் உணர்திறனை இறுதியாகத் தொட்டால் போதும்.