முட்டி முடியாத தாத்தா பாட்டிக்கு உடற்பயிற்சி: குறைப்பதா, மாற்றுவதா?

ஸ்கூடாயில் நிறைய வீடுகள் விடிவதற்கு முன்பே காலியாகிவிடுகின்றன. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கடற்பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அடுத்து பள்ளிப் பிள்ளைகள். பிறகு வீட்டில் இருப்பது தாத்தாவோ பாட்டியோ, ஹாலில் ஒரு சோபா, ஓடிக்கொண்டிருக்கும் டிவி. "கீழ விழுந்துட்டா யாரு தூக்குறது?" என்ற பயத்திலேயே சாயங்காலம் வரை பெரிதாக நகராமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

இப்படி நடமாட்டம் குறைந்துபோன முதியவர்களுக்கு உடற்பயிற்சி தேவையா? தேவை என்றால் எப்படி மாற்றிக் கொடுப்பது? முதல் கேள்விக்கு மருத்துவ உலகம் சொல்லும் பதில் தெளிவானது: மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. இரண்டாவது கேள்வியில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. "பாவம், வயசானவங்க" என்று கையைக் காலை லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம். அது பயிற்சியைக் குறைப்பது. மாற்றுவது வேறு.

ஏன் இப்போது கவலைப்பட வேண்டும்?

மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களே மூத்த குடிமக்கள். 2030-இல் அவர்கள் மக்கள்தொகையில் 15 விழுக்காடாக இருப்பார்கள் என்பது கணிப்பு. சுகாதார அமைச்சின் 2018 தேசிய சுகாதார ஆய்வு முதியவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தது. அதற்கு முந்தைய 12 மாதங்களில் சுமார் ஏழு பேரில் ஒருவர் விழுந்திருந்தார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது போன்ற அன்றாட வேலைகளுக்கு ஆறு பேரில் ஒருவருக்காவது உதவி தேவைப்பட்டது.

கழிப்பறைக்குத் தனியாகப் போக முடிவதும் முடியாததும் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடும். வேலையை யார் விடுவது, பணிப்பெண் வைப்பதா, முதியோர் இல்லமா என்ற பேச்செல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

"உடம்பு இறுகிப் போச்சு" என்றால் என்ன?

பாட்டிகள் பொதுவாகச் சொல்வது "இறுகிப் போச்சு, மடக்க முடியல" என்பதுதான். அதனால் நாமும் நீட்டி மடக்கும் பயிற்சி போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பல நேரங்களில் இறுக்கத்தோடு பலவீனமும் பயமும் சேர்ந்திருக்கும். தொடைத் தசை தாங்காது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், முட்டியை முழுதாக மடக்க அது விடாது. அதே பாட்டியைக் கட்டிலில் படுக்க வைத்து, பாதத்தை மெத்தையில் தேய்த்தபடி முட்டியை மடக்கச் சொல்லிப் பாருங்கள். படுத்த நிலையில் நன்றாக மடங்கி, நிற்கும்போது மடங்கவில்லை என்றால், பாதிப் பிரச்சினை பலத்தில்தான் இருக்கிறது. நீட்டி மடக்குவது மட்டும் அங்கே போதாது.

பலம் இந்த வயதில் திரும்பி வருமா? 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இதைச் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் 10 பேர். வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரம், தொடைத் தசைக்கு நிஜமாகவே கனமான எடைப் பயிற்சி. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் முதியோருக்குப் பயிற்சி கொடுப்பதைப் பற்றிய எண்ணத்தையே அது திருப்பிப் போட்டது. தசைக்கு வயதாகலாம், பலம் கூடும் தன்மை 90 வயதிலும் அதை விட்டுப் போவதில்லை.

முதலில் ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம்

தொடங்கும் முன் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். பிசியோதெரபிஸ்டுகள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழ், ஆண்களுக்கு 12-க்குக் கீழ் இருந்தால் விழும் ஆபத்து அதிகம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. 80 முதல் 84 வயதில் அந்த எல்லை பெண்களுக்கு 9, ஆண்களுக்கு 10.

கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். பயப்பட வேண்டாம், அது ஒரு தொடக்கப் புள்ளி, அவ்வளவுதான். ஆனால் சோதிக்கும்போது பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்கும் இன்னொரு சோதனையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரிடம் செய்து 2012-இல் வெளியான ஆய்வு அது. தயவுசெய்து அதை வீட்டில் சேலஞ்சாக வைத்து தாத்தாவை இழுத்துவிடாதீர்கள். நடமாட்டம் குறைந்தவருக்கு அது நேராக விழுவதற்கான வழி.

மாற்றுவது என்றால் இப்படி

எழுந்து உட்காரும் அந்த ஒரு அசைவையே எடுத்துக்கொள்வோம். எழ முடியவில்லை என்றால் அதை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடி காலை ஆட்டச் சொல்வது குறைப்பது. உயரத்தைக் கூட்டுவது மாற்றுவது. நாற்காலி மேல் அமுங்காத கெட்டியான மெத்தை ஒன்றைக் கட்டிப் போடுங்கள். இருக்கை உயர்ந்தால் தொடைக்கு வேலை குறையும், எழ முடியும். முதலில் இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றி எழட்டும். பிறகு ஒரு கை. பிறகு கையே இல்லாமல். அது சுலபமானதும் மெத்தையை எடுத்துவிடலாம்.

இதில் நாம் கவனிக்காமல் விடுவது உட்காரும் பாதியை. பெரும்பாலானவர்கள் கடைசி அரை அடியில் தொப்பென்று விழுந்துதான் உட்காருவார்கள். மனசுக்குள் நாலு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். தொடைக்கு நல்ல வேலை கிடைப்பது அங்கேதான். முதுகெலும்பில் தேய்மானமோ எலும்பு மெலிவோ இருப்பவருக்கு அந்த அதிர்ச்சியும் தவிரும்.

எத்தனை முறை? 8 முதல் 10, நடுவில் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். எல்லாமே சுலபமாக முடிந்தால் பயிற்சி பத்தவில்லை என்று அர்த்தம். முட்டித் தேய்மானம் உள்ளவருக்கு லேசான வலி வரலாம். அடுத்த நாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். கூடியிருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்.

நாற்காலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விருந்துகளுக்குப் போடும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். டைல்ஸில் வழுக்கும், காலும் வளையும். சோபாவும் சரிப்படாது. தாழ்வாகவும் மெத்தென்றும் இருப்பதால் நல்ல காலுள்ளவரையே அது உள்ளே இழுக்கும்.

சமநிலைப் பயிற்சிக்கு அடுப்படி சிங்க் போதும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்து 10 விநாடி நிற்பது, பழகியதும் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை வைத்து நிற்பது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வீட்டிலேயே செய்யக்கூடிய இப்படிப்பட்ட கால் பலம், சமநிலைப் பயிற்சிகளைத் தொகுத்துக் கொடுத்தது. 65 முதல் 97 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது 35 விழுக்காடு குறைந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியும் முதியோருக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

நீட்டி மடக்குவது எங்கே வருகிறது?

அதுவும் வேண்டும், ஆனால் குறி பார்த்து. உடம்பு முழுக்க நீட்டத் தேவையில்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குச் சுருங்குவது சில இடங்கள்தான்: கெண்டைக்கால், இடுப்பின் முன்பக்கம், தொடையின் பின்பக்கம், மார்பு.

கெண்டைக்கால் இறுகினால் பாதத்தை நாற்காலிக்குக் கீழே பின்னுக்கு இழுக்க முடியாது. பாதம் பின்னுக்கு வராவிட்டால் எழுந்திருக்கவே முடியாது, நீங்களே முயன்று பாருங்கள். உட்கார்ந்த நிலையில் காலை நேராக நீட்டி, பாதத்தின் முன்பகுதியில் ஒரு துண்டைப் போட்டு மெதுவாகத் தன் பக்கம் இழுக்கலாம். இளைஞர்களுக்கு 10 முதல் 30 விநாடி போதும். முதியவர்கள் 30 முதல் 60 விநாடி பிடித்தால் பலன் கூடுதல் என்கிறது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி. துள்ளித் துள்ளி இழுக்கக் கூடாது. குளித்து முடித்த பிறகோ, கொஞ்சம் நடந்த பிறகோ செய்தால் தசை சொன்னபடி கேட்கும்.

இடுப்புக்கும் முட்டிக்கும் சிரமமே இல்லாத வழி ஒன்று: முதுகு வலி இல்லாதவர்கள், முட்டிக்குக் கீழே தலையணை வைக்காமல் மல்லாந்து கொஞ்ச நேரம் படுப்பது. சுகமாக இருக்கிறதே என்று அந்தத் தலையணையை இரவு முழுக்க வைத்துக்கொள்வதால்தான் பலருக்கு முட்டி மடங்கிய நிலையிலேயே நின்றுபோகிறது.

தோளுக்கு, ஒரு துணியைச் சுவரில் வைத்து மேல்நோக்கித் துடைக்கச் சொல்லுங்கள். தலை வாருவதும் ரவிக்கைக் கொக்கி மாட்டுவதும் அந்த உயரத்தைப் பொறுத்ததுதான்.

யோகா வீடியோ பார்த்துக் குனிந்து காலைத் தொடச் சொல்வது சிலருக்கு ஆபத்து. எலும்பு மெலிவு உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களுக்கு முதுகெலும்பு நொறுங்குவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. கூன் விழுந்திருந்தாலோ, உயரம் குறைந்திருந்தாலோ, லேசாக விழுந்து எலும்பு முறிந்திருந்தாலோ குனியும், முறுக்கும் பயிற்சிகள் வேண்டாம்.

தரையில் உட்கார ஆசை

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்றே ஒரு இலக்கு உண்டு. கோயிலில் அன்னதானத்துக்கு எல்லாரோடும் தரையில் உட்கார வேண்டும். "எழுந்திரிக்க முடியாதே" என்பதற்காகக் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள். தரையிலிருந்து எழுவதையும் பகுதி பகுதியாகக் கற்றுக்கொடுக்க முடியும். ஒருக்களித்துப் படுப்பது, கையை ஊன்றி நாலு காலில் வருவது, நாற்காலியைப் பிடித்து ஒரு பாதத்தை முன்னால் வைப்பது, தள்ளி எழுவது. விழுந்தால் எழுவதற்கும் இதே வரிசைதான், அதனாலேயே விழும் பயமும் தணிகிறது. முட்டி அல்லது இடுப்பு மாற்று அறுவை செய்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் மண்டியிடவோ தாழ்வாக உட்காரவோ கூடாது.

"நாங்க பார்க்காத எக்சர்சைசா? விடியக்காலம் எழுந்து பால் மரம் சீவுனவங்க" என்று சொல்லும் தாத்தாவிடம் 'உடற்பயிற்சி' என்ற சொல்லே எடுபடாது. வாசல் வரை போய்க் காரில் ஏறுவதா, பேரன் கல்யாணத்தில் நிற்பதா, அவருக்கு எது வேண்டும் என்று கேட்டு அங்கிருந்து தொடங்குவது நல்லது.

மருந்து சாப்பிடுகிறவர்கள்

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, வீட்டில் சொல்லும் இனிப்புநீர். இன்சுலினோ கிளிக்ளசைடோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், காயம் இருப்பதே தெரியாது. செய்வதற்கு முன்னும் பின்னும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள், வழுக்காத காலணி போடச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மருந்து எடுப்பவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார வேண்டும். மூச்சை அடக்கித் தம் பிடிக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவரின் பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவும். நெஞ்சு வலி, புதிதாக மூச்சு வாங்குதல், கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்கூடாயில் எங்கே போகலாம்?

நடைப் பழக்கத்துக்குப் பூங்காவைவிட, தொடக்கத்தில், சுத்ரா மால், பாரடைம் மால் போன்ற இடங்கள் சௌகரியம். தரை சமம், குளிர்சாதனம், ஓய்வெடுக்க இருக்கை. கூட்டமில்லாத காலை நேரம் நல்லது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகச் சமூக நல இலாகாவின் கீழ் இயங்கும் முதியோர் நடவடிக்கை மையங்களையும், அரசு சுகாதார கிளினிக்குகளோடு சேர்ந்த வர்கா எமாஸ் கிளப்புகளையும் பற்றி அருகிலுள்ள கிளினிக்கில் விசாரிக்கலாம். பிசியோதெரபிக்கு அங்கிருந்தே கடிதம் கிடைக்கும்.

தனியாரிடம் வீட்டுக்கு வரச் சொல்கிறீர்கள் என்றால், அவர் சட்டம் 774-இன் கீழ் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்டா என்று கேளுங்கள். ஜிம் பயிற்றுநருக்கு அந்தப் பதிவு கிடையாது. அவர்களில் நல்லவர்கள் உண்டு, ஆனால் பக்கவாதமோ எலும்பு முறிவோ இருந்தால் முதலில் பிசியோ பார்க்கட்டும். முதல் சந்திப்புக்கு மருந்துப் பட்டியல், தாத்தா தினமும் உட்காரும் நாற்காலியின் உயரம், வாசல்படியும் பாத்ரூமும் தெரியும் படம் ஆகியவற்றை உங்கள் போனில் எடுத்துப் போங்கள். கிளினிக்கில் உள்ள நாற்காலி சரியான உயரத்தில் இருக்கும், வீட்டில் உள்ளது அப்படி இருக்காது.