பித்தளைக் குண்டானும் பிஞ்சு ஈரலும்

பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுற பழக்கம் உள்ளவங்களுக்கு 'ஜம்மி லிவர்க்யூர்' விளம்பரம் ஞாபகம் இருக்கும். மயிலாப்பூர்ல லஸ் பக்கம் அந்தப் பேர்ல ஒரு கட்டிடமே உண்டு. குழந்தைகளோட ஈரல் நோய்க்குன்னு ஒரு மருந்து இவ்வளவு பிரபலம் ஆச்சுன்னா, அந்த நோய் எத்தனை வீட்டுக்குள்ள புகுந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இந்தப் பதிவு அந்த நோயோட சரித்திரம்.

நோய் பெரும்பாலும் ஆறு மாசத்துக்கு மேல, மூணு வயசுக்குள்ள வரும். வயிறு உப்பும், ஈரல் வீங்கி இறுகிப் போகும், அப்புறம் மஞ்சக்காமாலை. பல குழந்தைங்க சில மாசத்துலயே போயிடும். கல்கத்தாவுல சென்ங்கிற டாக்டர் 1887-லயே இதைப் பத்தி எழுதிட்டார். 1960-ல சென்னையோட குழந்தை மருத்துவ முன்னோடி எஸ்.டி. ஆச்சார், வி.பி. ராஜு, ஸ்ரீராமாச்சாரி மூணு பேரும் சேர்ந்து விரிவா ஒரு கட்டுரை எழுதினாங்க. அப்பவும் காரணம் பிடிபடல.

குழப்பத்துக்குக் காரணம் இருந்துச்சு. பட்டினி கிடக்குற வீடுகளை விட ஓரளவு வசதியான வீடுகள்ல தான் இந்த நோய் அதிகம். அதோட, ஒரே வீட்டுல அடுத்தடுத்த குழந்தைக்கும் வரும். ஒரு தாய்க்கு ரெண்டு குழந்தை இப்படிப் போச்சுன்னா ஊர் வாய் யாரைப் பேசும்னு நான் சொல்லணுமா? டாக்டர்களும் பரம்பரையா, வைரஸான்னு தேடினாங்க. 1960-கள்ல தாயோட சாப்பாடு மேலயும் சந்தேகம் வந்துச்சு. நிலக்கடலையில வர்ற பூஞ்சை நஞ்சு (அஃப்ளடாக்சின்) தாய்ப்பால் வழியா குழந்தைக்குப் போகுதோன்னு ஆராய்ஞ்சாங்க.

திருப்பம் 1979-ல. ஸ்டூவர்ட் டேனர் குழுவினர் 'லான்செட்' இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. இந்தக் குழந்தைங்களோட ஈரல்ல செம்பு அளவு இயல்பை விட பல மடங்கு. செம்பு எங்கேருந்து வந்துச்சு?

இங்க தாயோட பங்கைப் புரிஞ்சுக்கணும். கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல தாய்கிட்ட இருந்து செம்பு போய் குழந்தையோட ஈரல்ல சேமிப்பா நிக்கும். ஏன்னா தாய்ப்பால்ல செம்பு ரொம்பக் கம்மி. முதல் சில மாசத்துக்கு அந்தச் சேமிப்பு தான் கைகொடுக்கும். அதாவது, ஏற்கனவே நிறைஞ்சிருக்குற பாத்திரம் அது. அதிகமான செம்பைப் பித்தநீர் வழியா வெளியேத்துற திறனும் பச்சைக் குழந்தைக்கு முழுசா வந்திருக்காது.

1983-ல டேனர், புனே கே.ஈ.எம். மருத்துவமனையோட ஷீலா பவே, ஆனந்த் பண்டிட் எல்லாரும் சேர்ந்து அடுத்த கட்டுரை போட்டாங்க. சீக்கிரமே தாய்ப்பாலைக் குறைச்சு, பித்தளை, செம்புப் பாத்திரத்துல காய்ச்சின மாட்டுப் பாலோ எருமைப் பாலோ குடுத்தது தான் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. பித்தளையே செம்பும் துத்தநாகமும் கலந்தது தானே.

எங்க பெரம்பலூர் பக்கத்து அப்பாயிகளுக்குப் பித்தளையைப் பத்தி நல்லாவே தெரியும். ஈயம் பூசாம புளி, மோர் வச்சா களிம்பு ஏறிடும்னு சொல்லுவாங்க. ஆனா பால்ல புளிப்பு இல்லையே, யார் சந்தேகப்படுவா? பால்ல இருக்குற கேசின்ங்கிற புரதம் பாத்திரத்துல இருந்து செம்பை இழுத்துப் பிடிச்சுக்கும்னு பின்னாடி சோதனையில தெரிஞ்சுது. வீட்டுல கறவை மாடும் பித்தளைக் குண்டானும் இருந்த வசதி தான் குழந்தைக்கு எமனா ஆகியிருக்கு.

பாத்திரம் மட்டும் தான் காரணமான்னா, அப்படியும் சொல்லிட முடியாது. ஆஸ்திரியாவோட டைரோல் பகுதியில 1900-லேருந்து 1974 வரைக்கும் 138 குழந்தைங்க இதே மாதிரி நோயால இறந்ததை 1996-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. அங்கயும் செம்புப் பாத்திரம், மாட்டுப் பால். கூடவே பரம்பரைக் கூறும் இருக்கலாம்னு சொன்னாங்க. நம்ம சாஃப்ட்வேர் மக்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, கோடுல ஒரு பக், இன்புட்ல ஒரு தப்பு. ரெண்டும் சேர்ந்தா தான் கிராஷ். கோடை மாத்த முடியாது, இன்புட்டை மாத்தலாம்.

மாத்தினதும் டாக்டருங்க மட்டும் இல்ல. எவர்சில்வரும் அலுமினியமும் அடுப்படிக்கு வந்துச்சு, பித்தளை பரணுக்குப் போச்சு. 1990-கள்ல நோய் ரொம்ப அபூர்வமாயிடுச்சு.

இப்போ 'பாரம்பரியம்'னு பரண்ல இருந்த பித்தளை திரும்ப இறங்குது. பெரியவங்க கதை வேற, ஆனா கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச அதை எடுக்காதீங்க. முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் தான்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. எத்தனையோ தாய்மார், 'என் பால் சரியில்லையோ, நான் தின்னது சரியில்லையோ'ன்னு மருகியே செத்திருப்பாங்க. அவங்க பால்ல குறை இருக்கல. அதுக்குப் பதிலா சங்குல புகட்டின பால்ல தான் இருந்துச்சு.