திருப்பத்தூர்ச் சீமையின் செட்டும் கட்டும்

குடும்பத்தின் வரவு செலவைப் பற்றி எழுதப் புகுவோர் ரூபாயிலிருந்து தொடங்குவதே இக்காலத்து வழக்கம். ஒருபுறம் ஜவ்வாது மலைத்தொடரும் மறுபுறம் ஏலகிரியும் நிற்க, ஆற்றுப் பாசனத்தின் தயவு அதிகமின்றி ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பியே நெடுங்காலம் வாழ்ந்து வந்த திருப்பத்தூர்ச் சீமையின் சேமிப்புச் சரித்திரத்தை அவ்விதம் தொடங்கினால், அதன் முற்பாதி நம் பார்வைக்கே வராமற் போய்விடும். இங்கே ரூபாய் புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே மிச்சம் பிடிக்கும் வித்தை தெரிந்திருந்தது; அந்த மிச்சம் தானியமாக, அதிலும் விசேஷமாகக் கேழ்வரகாக இருந்தது.

நெல்லைப் பூச்சி அரிக்கும், கம்பு விரைவில் கெடும். கேழ்வரகோ, ஈரமும் காற்றும் படாமல் வைக்கப்பட்டால் வருஷக்கணக்கில் கெடாது. இதை அறிந்த குடியானவர்கள் நீர் தேங்காத மேட்டு நிலத்தில், வாய் குறுகியும் வயிறு அகன்றும் இருக்கும்படி ஆழமான குழி வெட்டி, உள்ளே வைக்கோல் பரப்பித் தானியத்தைக் கொட்டி, மேலேயும் வைக்கோலிட்டுக் கற்பலகையால் மூடி மண்ணால் பூசிவிடுவார்கள். குழியைத் திறப்பது எளிய காரியமன்று. உள்ளே தேங்கிய நச்சுக் காற்று ஆளைக் கொல்லக்கூடியதாகையால், மூடியை விலக்கி வெகுநேரம் காத்திருந்து, விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவான். ஒருமுறை காற்றுப் பட்ட தானியத்தைப் பழையபடி மூடிப் பாதுகாப்பதும் கடினம். ஆகவே ஒரு படி கேழ்வரகுக்காக யாரும் குழியைத் திறப்பதில்லை. திறந்தால் ஊருக்கே தெரியும். தெரிந்தால், அந்த வீட்டில் இந்த வருஷம் என்ன நேர்ந்தது என்று நாலு பேர் கேட்பார்கள்.

இந்தப் பிரதேசத்துச் சேமிப்பு முறைகளை வரிசையாக நோக்குங்கால் எனக்குப் புலப்படுவது இதுதான்: சேமிப்பு நிலைத்ததற்கு மனிதரின் மனவுறுதியைக் காட்டிலும், எடுப்பதற்கு இருந்த சிரமமும் அயலார் கண்ணுமே அதிகக் காரணம். மனவுறுதியைப் பற்றிப் பிரசங்கங்கள் ஏராளமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. குழியைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

மலைமேல் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு முதலிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடையே கேழ்வரகுடன் சாமைக்குப் பெரும் ஸ்தானம் இருந்தது. சாமையை உமியோடு குதிரில் கொட்டி வைத்தால் அதுவும் எளிதில் கெடாது. ஆனால் உமியோடு இருக்கும் வரையில் அது சோறாகவும் ஆகாது. அன்றன்றைக்கு வேண்டியதை அள்ளி, உரலில் இட்டுக் குத்திப் புடைத்து எடுத்த பின்னரே உலை வைக்க முடியும். நாளைய சாமையை இன்றே உண்ண விரும்புகிறவர் நாளைய உழைப்பையும் இன்றே செய்தாக வேண்டும்! வீட்டுச் செலவுக்கு இதைவிடக் கண்டிப்பான காவல் ஏது? ரொக்கம் தேவைப்பட்ட சமயங்களில் புளியும் கடுக்காயும் தேனும் அடிவாரத்துச் சந்தைக்கு இறங்கின. ஆடு, ஆபத்துக் காலத்துக்கென்று காலால் நடக்கும் முதலாக நின்றது.

அடிவாரத்துக் குடியானவனுக்கு வருஷாந்தர வரவு செலவுத் திட்டம் தீட்டப்பட்ட இடம் களத்துமேடு. அடித்துத் தூற்றிய குவியல் வீட்டுக்குப் போகுமுன்பே பங்கிடப்படும். அறுத்தவர்களுக்குக் கூலி, தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் தோட்டிக்கும் வருஷம் முழுவதும் செய்த ஊழியத்துக்கான மானியம், கோயிலுக்கு ஒரு பங்கு, விதைக்கு ஒரு பங்கு. இவையெல்லாம் போக நின்றதுதான் அடுப்படிக்கு உரியது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இன்று கூறப்படும் உபதேசம், செலவு போக மிஞ்சியதைச் சேமிக்காதே, சேமிப்புப் போக மிஞ்சியதைச் செலவிடு என்பது; களத்துமேட்டில் அது உபதேசமாக இல்லாமல் நடைமுறையாகவே இருந்தது. விதைத் தானியத்தில் கை வைப்பது பஞ்ச காலத்தில் மட்டுமே நிகழ்ந்தது. (ஊழியக்காரர்களின் பங்கு எப்போதும் நியாயமாக அளக்கப்பட்டதென்று எண்ணிவிட வேண்டாம்; அளக்கும் வள்ளம் யார் கையில் இருந்ததோ அவரே அந்த நியாயத்தையும் வகுத்தார்.)

இந்தத் தானிய உலகத்துக்குள் நாணயம் பலவந்தமாகப் புகுந்த கதைக்குத் திருப்பத்தூரே நடுநிலையம். 1792ஆம் வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இப்பகுதி அடங்கிய பாரமகால் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்ததும், அதை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட காப்டன் அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரையே தம் தலைமையிடமாகக் கொண்டார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் சென்னை கவர்னராகித் தென்னாடெங்கும் பெயர் பெற்ற தாமஸ் மன்றோ. இடைத்தரகரை விலக்கி ஒவ்வொரு குடியானவனோடும் நேரே வரி பேசி முடிக்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டது இவர்கள் இங்கே செய்த நில அளவையிலும் பரிசோதனைகளிலும்தான். இடையில் சில காலம் மிட்டாதார்கள் என்னும் இடைத்தரகர்கள் வந்து போயினர். பின்னர் ரயத்துவாரி முறையே ராஜதானியின் பெரும்பகுதிக்கும் பொதுவாயிற்று. ஆண்டுதோறும் தாலுகா அலுவலகங்களில் நடைபெறும் ஜமாபந்தி என்னும் சடங்கு அதன் எச்சமே.

ராஜ்ய சரித்திரத்தில் இது ஒரு பெரிய அத்தியாயம். வீட்டுச் சரித்திரத்தில் அது எப்படிப் பதிந்தது என்பதையே நாம் இங்கே கருத வேண்டும். வராகன், பணம், காசு என்று 80 காசுக்கு ஒரு பணமும் 42 பணத்துக்கு ஒரு வராகனுமாகச் சென்னையில் எண்ணிய காலம் அது. தானியம் எத்தனை குதிர் நிறைந்திருந்தாலும், கிஸ்தித் தவணைக்குள் நாணயம் கையில் இல்லாவிட்டால் குடியானவன் பாக்கிதாரனே. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நாணயம் தேவைப்பட்டதால் எல்லோரும் ஒரே சமயத்தில் தானியத்தை விற்றார்கள். அதனால் விலை இறங்கிற்று. இறங்கிய விலையில் விற்றவனே ஆடியிலும் ஆவணியிலும் ஏறிய விலைக்கு வாங்கி உண்டான், அல்லது கடன் பட்டான். வருஷத்தை மாதங்களாகப் பிரித்து, இந்த மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடும் பழக்கம் இந்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு நிர்ப்பந்தமாக வந்ததேயொழிய, ஆசையினால் கற்ற வித்தையன்று.

ரயில் பாதை 1860களில் ஜோலார்பேட்டை வழியாக ஒருபுறம் மேற்குக் கரைக்கும் மறுபுறம் பெங்களூருக்கும் சென்ற பின்னர், தானியம் ஊரில் தங்க வேண்டிய அவசியம் மேலும் குறைந்தது. நல்ல விலைக்கு விற்கலாம் என்ற சௌகரியத்தோடு, குழியை நிரப்பாமலே விடலாம் என்ற அலட்சியமும் கூடவே வந்திருக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம், அப்போது திருப்பத்தூர் அடங்கியிருந்த சேலம் ஜில்லாவை எப்படிச் சூறையாடிற்று என்பதற்கு ஜனத்தொகைக் கணக்கே சாட்சி: 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த தொகை 1881இல் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாயிற்று. அந்தப் பஞ்சத்தின் முன் எந்தச் சிக்கனமும் போதியதன்று. சிக்கனமின்மையே ஏழைகளின் துன்பத்துக்குக் காரணம் என்று பேசும் கனவான்கள் இந்த எண்களை ஒருமுறை நோக்குவது நலம்.

பெண்களின் சேமிப்பு தனிக் கதை. சிறுவாடு என்னும் அந்தச் சிறுதொகை, மோர் விற்றதும் முட்டை விற்றதும் சந்தைச் செலவில் மிச்சம் பிடித்ததுமாக, கடுகுப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியின் அடியிலும் சேலை முடிச்சிலும் வாசம் செய்தது. வீட்டுத் தலைவர் அறியாதவாறு வைப்பதே அதன் முதல் விதி. தலைவருக்கும் பெரும்பாலும் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல் இருப்பது அவருக்கு விதி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறு கலயத்தில் போடும் பிடியரிசி வழக்கமும் இதனோடு சேர்ந்தது. கோயில் கைங்கரியத்துக்கும் தேவாலயக் காணிக்கைக்கும் ஏழைகளுக்கும் என்று பல மதத்தாரும் பல ஊர்களில் இதைக் கையாண்டிருக்கிறார்கள். அந்தப் பிடியின் குறைவு உண்பவருக்குத் தெரிவதில்லை என்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. தொகை சற்றுப் பெருகியதும் அது வெள்ளித் தண்டையாகவும் காப்பாகவும் உருமாறி, அவசரம் வந்தால் அடகுக் கடைக்குப் போய், விளைச்சல் நன்றாக இருந்தால் மீண்டு வரும்.

இவையெல்லாம் தனி வீட்டின் உபாயங்கள். கூட்டாகச் சேமிக்கும் உபாயமான சீட்டையே இந்நாட்டார் மேதையின் உச்சமென்று நான் கருதுகிறேன். இருபது பேர் கூடி மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் திரளும் இருபதாயிரத்தை, அவசரக்காரர் ஒருவர் நாலாயிரம் தள்ளிக் கேட்டுப் பதினாறாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறார். தள்ளிய நாலாயிரத்தில், சீட்டுப் பிடிப்பவரின் கமிஷன் ஆயிரம் போக, மூவாயிரம் இருபது பேருக்கும் கசராகப் பகிரப்பட, அந்த மாதம் ஒவ்வொருவரும் 850 ரூபாய் கட்டினால் போதும். அவசரம் உள்ளவருக்கு அது கடன். அவசரம் இல்லாதவருக்கு அதுவே வட்டி தரும் முதலீடு. பாங்குக்காரரோ பத்திரமோ ஜாமீன் சொத்தோ இல்லாமல் இரண்டையும் ஒரே திண்ணையில் நடத்திவிடுகிற இந்த ஏற்பாட்டை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு. தவணை கட்டத் தவறுகிறவர் இருபது முகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கூச்சமே அதன் ஜாமீன். ஏலச்சீட்டோடு குலுக்கல் சீட்டு, பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு எனக் கிளைகள் பல தோன்றின. சீட்டுப் பிடிப்பவரை எல்லோரும் நேரில் அறிந்திருந்த வரையில் அது பெரும்பாலும் நிலைத்தது. அறியாத ஒருவரிடம் ஆயிரக்கணக்கானோர் கட்டத் தொடங்கியபோது கூச்சத்தின் வேலி அறுந்தது. 1961இல் சென்னை ராஜ்யமும், 1982இல் மத்திய சர்க்காரும் சீட்டுக்கென்று சட்டம் இயற்ற நேர்ந்ததற்கும், இந்த வட்டாரத்திலேயே சமீப வருஷங்களில் தீபாவளிச் சீட்டு நடத்தியோர் மீது போலீசார் வழக்குப் பதிந்ததற்கும் காரணம் ஒன்றே.

சர்க்கார் காட்டிய வழிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1882இல் தபால் ஆபீஸ் சேமிப்பு பாங்கு தொடங்கிற்று. சென்னை சர்க்காருக்காக ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளை, முக்கியமாக ஜெர்மனியில் ரைஃபைசன் ஏற்படுத்திய கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் தம் அறிக்கைகளை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வருஷமே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு கடன் சங்கமும் பதிவாயிற்று. அதற்கு இரண்டே வருஷத்தில், 1906 அக்டோபரில், சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து அநேக குடும்பங்களின் வைப்புத் தொகையை விழுங்கியபோது, எழிலான கட்டிடமும் துரைமார் பெயரும் சேமிப்புக்குக் காவலாகா என்பதைப் படித்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1911இல் வட ஆற்காடு ஜில்லாவுக்கு மாற்றப்பட்ட திருப்பத்தூரில் 1921ஆம் வருஷம் டாக்டர் ஏசுதாசனும் பாரெஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம், கதரும் எளிய உணவுமாக வாழ்ந்து காட்டிற்று. ஆயினும் விரும்பி ஏற்ற எளிமைக்கும் வேறு வழியின்றிச் செய்யும் சிக்கனத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

சீட்டின் ஆத்மா நல்ல முறையில் மறுபிறவி எடுத்தது பக்கத்துத் தர்மபுரியில். 1989இல், சர்வதேச விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அங்கே தொடங்கப்பட்ட மகளிர் சுய உதவிக் குழுக்கள், பின்னர் பிற மாவட்டங்களுக்கும் பரவித் தமிழகமெங்கும் மகளிர் திட்டமாக விரிந்தன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வட்டமாக அமர்ந்து, அவரவர் சந்தாவை எல்லோர் கண்முன்னும் எண்ணி வைத்து, புத்தகத்தில் பதிந்து, அந்தப் பணத்திலிருந்தே தமக்குள் கடன் கொடுத்து, கடன் கேட்டவளின் காரணத்தையும் அங்கேயே விசாரிக்கும் இந்த ஏற்பாடு, தண்டல்காரரின் தினவசூலுக்கு அகப்பட்டிருந்த பல குடும்பங்களுக்கு மூச்சுவிட இடம் தந்தது. ஒளித்து வைத்தால்தான் தங்கும் என்றிருந்த சிறுவாடு, நாலு பேர் பார்க்க வைத்தாலும் தங்கும் என்று ஆனது இதனால்தான். பாங்குகளும் இக்குழுக்களுக்குக் கடன் கொடுக்க முன்வந்தபின், வீட்டு ஆண்மக்களே குழுவின் கூட்ட நாளை நினைவூட்டலானார்கள்.

2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது; பட்டினிக்கு அஞ்சிக் குழி வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த அச்சம் இல்லை. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளிலும் காலணி ஆலைகளிலும் வேலை செய்வோர் பலருக்குக் கூலி நேரே பாங்குக் கணக்குக்கு வந்து, கைப்பேசி வழியே கடைக்காரரிடம் போய்விடுகிறது. எடுப்பதற்குச் சிரமம் என்பதே இல்லாத முதல் தலைமுறை இது. செலவின் இனமும் மாறிற்று: வயிற்றுக்கு வேண்டிய தொகை சுருங்க, பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் கலியாணத்துக்கும் வேண்டிய தொகை பெருகிற்று. சீட்டுப் பிடிப்பவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்: ஏலத்தில் போட்டி முற்றி, நாலாயிரத்துக்கு மேலும் தள்ளிக் கேட்பவர்கள் எழுவது பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்திலும், முகூர்த்தம் நெருங்கும் மாதங்களிலும்தான்.