மணிமன்றம் முதல் சமூக மன்றம் வரை: பள்ளிக்கு வெளியே ஒரு கல்வி

பள்ளிக்குப் பாடத்திட்டமும் தேர்வும் உண்டு. இளையர் பணிக்கு இரண்டும் இல்லை. இளையர்கள் தாமே விரும்பி வருகிறார்கள். விளையாட்டு, நாடகம், விவாதம், தொண்டு எனச் சேர்ந்து செயல்படும்போது கற்றுக்கொள்கிறார்கள். இதுவே முறைசாராக் கல்வி.

தொடக்கம்

1844ல் லண்டனில் துணிக்கடை ஊழியரான ஜார்ஜ் வில்லியம்ஸ், வேலை தேடி நகருக்கு வந்த தம் போன்ற இளைஞர்களுக்காக ஒய்எம்சிஏ அமைப்பைத் தொடங்கினார். அது 1902ல் சிங்கப்பூருக்கு வந்தது. சாரணர் இயக்கம் 1910ல் இங்கு வேரூன்றியது.

தமிழர் முயற்சி

தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932ல் உருவானது. 1935ல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். 1950களில் அந்நாளிதழ் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியது. தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் இருந்த மாணவர்கள் அதற்கு எழுதி அனுப்பினர். திருத்தமும் ஊக்கமும் அவர்களுக்கு ஆசிரியராயின. பின்னாளில் எழுத்தாளர்களாக அறியப்பட்ட பலர் அங்கு எழுதிப் பழகியவர்கள். வாசகர்கள் ஒன்றுகூடி மன்றங்கள் அமைத்தனர். மலேசியாவில் மணிமன்றம் ஓர் இளைஞர் இயக்கமாகவே நிலைத்தது.

அரசும் அமைப்புகளும்

சிங்கப்பூரில் மக்கள் கழகம் 1960ல் அமைந்தபின், சமூக மன்றங்கள் எல்லா இனத்தவரும் கூடும் இடங்களாயின. 1961ல் புக்கிட் ஹோ சுவீ தீ விபத்தில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். அங்கு எழுந்த புதிய குடியிருப்புகளில் 1969ல் தொடங்கிய சமூக சேவைத் திட்டமே இன்றைய பியாண்ட் சோஷியல் சர்வீசஸ். தேசிய இளையர் மன்றம் 1989ல் உருவானது. இந்திய மாணவர்களின் கல்வி பற்றிய கவலையிலிருந்து 1991ல் சிண்டா பிறந்தது.

மாறியதும் மாறாததும்

தொண்டூழியர்கள் செய்த பணியை இன்று பயிற்சி பெற்ற ஊழியர்களும் செய்கிறார்கள். இது நல்ல முன்னேற்றம். ஆனால் நிதி வரும்போது கணக்கும் கேட்கப்படுகிறது: எத்தனை பேர் வந்தனர், எத்தனை மதிப்பெண் கூடியது? துணைப்பாட வகுப்பு தேவைதான். எனினும், அதற்கு வர மறுக்கும் பிள்ளைக்குத்தான் இளையர் பணி அதிகம் தேவை. அவன் பந்து விளையாட வருவான். சில மாதங்கள் கழித்தே வீட்டுப் பிரச்சினையைச் சொல்வான். அதுவரை காத்திருக்கும் ஒரு பெரியவர் அங்கு இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எந்த ஆண்டறிக்கையிலும் எண்ணாக வராது.

புதிய திட்டம் வகுக்கும் ஆலயங்களும் சங்கங்களும், பரிசளிப்பு விழாவோடு வாரம் ஒரு மாலை திறந்திருக்கும் ஓர் அறையையும் சேர்த்து யோசிக்கலாம்.