பாரிஸுக்குச் சென்ற தொப்புள்கொடி இரத்தம்

மகப்பேற்றில் குழந்தையைத் தொடர்ந்து வெளியேறும் நஞ்சுக்கொடியும் சவ்வுகளும் நெடுங்காலம் மருத்துவமனைக் கழிவாகவே அகற்றப்பட்டு வந்தபோதிலும், அவற்றைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்படுகின்றன. 1910-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டேவிஸ் கருச்சவ்வுகளைத் தோல் ஒட்டுச் சிகிச்சையில் பயன்படுத்தினார்; 1940-இல் டி ரோத் அவற்றைக் கண்ணின் மேற்படலத்தைச் சீரமைக்கக் கையாண்டார். இவற்றில் சவ்வு காயத்தை மூடும் திரையாகவே பயன்பட்டதேயன்றி, புதிய திசுவை உருவாக்கும் அணுக்களின் இருப்பிடமாகக் கருதப்படவில்லை.

அக்கருத்து தொப்புள்கொடி இரத்தத்தின் வழியாகவே வலுப்பெற்றது. பல வகை இரத்த அணுக்களாகப் பிரிந்து வளரவல்ல மூல அணுக்களே இரத்த ஸ்டெம் செல்கள் எனப்படும். எலும்பு மஜ்ஜையில் உறையும் இவை தொப்புள்கொடி இரத்தத்திலும் போதிய அளவில் உள்ளனவா, உறையவைத்து மீட்டபின்னும் உயிருடன் இருக்குமா என்பதை, எட்வர்ட் பாய்ஸின் தூண்டுதலால், இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஹால் பிராக்ஸ்மையர் 1980-களில் ஆராய்ந்தார்.

முடிவுகள் சாதகமாக அமையவே, தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்ட முதல் சிகிச்சை 1988 அக்டோபரில் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில், எலியான் குளுக்மன் தலைமையில் நடைபெற்றது. நோயாளி, ஃபான்கோனி இரத்தசோகை என்னும், மஜ்ஜை படிப்படியாகச் செயலிழக்கும் மரபுநோய்க்கு ஆளான ஐந்து வயது அமெரிக்கச் சிறுவன். அவனுக்குப் பிறக்கவிருந்த தங்கை அந்நோய் அற்றவள் என்பதும், அவளது திசுவகை அவனோடு பொருந்துவதும் கருவிலேயே கண்டறியப்பட்டிருந்தமையால், பிறப்பின்போது அவளது தொப்புள்கொடி இரத்தம் சேகரிக்கப்பட்டு, உறைநிலையில் அட்லாண்டிக்கைக் கடந்தது. இந்நோயாளிகளின் அணுக்கள் கதிர்வீச்சையும் வீரிய மருந்துகளையும் தாங்கா என்பதால், மஜ்ஜை மாற்றத்துக்கு முன் வழக்கமாகத் தரப்படும் அளவு உயிருக்கே ஆபத்தாகும். குறைந்த அளவில் அவர்களைத் தயார்செய்யும் முறையைக் குளுக்மன் முன்னரே வகுத்திருந்ததுதான் பாரிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம். சிறுவன் பிழைத்தான், தங்கையின் அணுக்களே அவனுடலில் புதிய இரத்தத்தை உண்டாக்கின.

இவ்வெற்றியிலிருந்து இரு வழிகள் கிளைத்தன. பாப்லோ ரூபின்ஸ்டைன் நியூயார்க் இரத்த மையத்தில் அமைத்த பொது வங்கி, உறவினர் அல்லாதோருக்கும் பயன்படும்படி நன்கொடையாக இரத்தத்தைத் திரட்டியது. தனியார் வங்கிகளோ, கட்டணம் பெற்று ஒவ்வொரு குழந்தையின் இரத்தத்தையும் அக்குழந்தையின் பிற்காலத் தேவைக்கெனச் சேமித்தன; இவ்வணிகம் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் வேரூன்றியது. ஆனால் பாரிஸ் நிகழ்வு தனியார் சேமிப்புக்குச் சான்றாகாது. அச்சிறுவனின் சொந்தத் தொப்புள்கொடி இரத்தம் சேமிக்கப்பட்டிருந்தாலும், அதே மரபுக்குறை அதிலும் இருந்திருக்குமாதலால், அவனுக்கு அது உதவியிராது. தேவைப்பட்டது பிறரின் இரத்தமே.

பின்னர் கொடியின் திசு, நஞ்சுக்கொடி ஆகியவற்றின் அணுக்களையும் சேமிக்கும் விளம்பரங்கள் பெருகின. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், தொப்புள்கொடி இரத்தம் நீங்கலாக ஏனையவற்றை வணிகமுறையில் சேமிக்க ஒப்புதல் அளிக்கவில்லை.