ஒன்பது பெட்டி அலமாரி

பெங்களூரிலிருந்து பேத்தி போன வாரம் லீவுக்கு வந்திருந்தாள். கொரியரில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை வெட்டித் தன் பொம்மைக்கு ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு சோபா செய்துவிட்டாள். தலையணைக்குப் பஞ்சு, மேஜை விரிப்புக்கு என்னுடைய பழைய கைக்குட்டை. பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எங்கள் அக்காவின் அலமாரி நினைவுக்கு வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

பொம்மைக்கு வீட்டுச் சாமான் என்றால் நம் பக்கத்தில் முதலில் மரம்தான். அம்பாசமுத்திரத்துக் கடைசல் செப்புச் சாமான்களை அறியாதவர் நம் வாசகர்களில் இருக்க மாட்டார்கள். அடுப்பு, குடம், அம்மி, உரல் எல்லாம் உண்டு. ஆனால் அதில் நாற்காலி, பீரோ பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. நம் வீடுகளிலேயே நாற்காலி ஏது? பாய்தான், மணைதான். வீட்டுக்குள் நாற்காலியும் மேஜையும் வந்த பிறகுதான் மரப்பாச்சிக்கும் அவை தேவைப்பட்டன. அதே காலத்தில்தான் அவற்றைச் செய்யத் தோதான ஒரு பொருளும் வீட்டுக்கு வந்தது. தீப்பெட்டி.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923-இல் ஊரில் தொடங்கினார்கள். அதே 1923-இல்தான் சுவீடன்காரர்களின் விம்கோ கம்பெனியும் இந்தியாவில் தொடங்கியது. திருவொற்றியூரில் அவர்கள் ஆலை இருந்த இடத்தின் பெயர்தான் இன்றைக்கு மெட்ரோ ரயிலில் விம்கோ நகர் என்று அறிவிக்கிறார்களே, அது. 1934-இல் வெள்ளைக்காரன் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி போட்டான். வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியில் பேண்ட்ரோல் என்ற காகிதப் பட்டை ஒட்டினார்கள்.

அப்போது பெட்டி அட்டை அல்ல, மரச்சீவல். மெத்தென்ற மட்டி மரம் போன்றவற்றைக் காகிதம் மாதிரி உரித்து, மடிக்கும் இடத்தில் கோடு கிழித்து அனுப்புவார்கள். அதை மடித்து, நீலத்தாள் சுற்றி ஒட்டினால் பெட்டி. மேல்பெட்டி ஒன்று, உள்ளே இழுக்கிற அடிப்பெட்டி ஒன்று. பொம்மை பீரோ செய்ய இதைவிட என்ன வேண்டும்? இழுப்பறை தானாகவே அமைந்துவிடுகிறது. நாலு பெட்டியை அடுக்கி, வெளியே கிளேஸ் தாள் ஒட்டி, பிடிக்குக் குன்றிமணி வைத்தால் முடிந்தது. சோபாவுக்கு இரண்டு பெட்டி படுக்கையாக, ஒன்று முதுகுக்கு நிமிர்த்தி. ஃபெவிக்கால் 1959-இல்தான் வந்தது. அது எங்கள் தெருவுக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது. மைதாவைக் காய்ச்சிய பசைதான். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள்.

இந்த மயில்துத்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் பெட்டி ஒட்டினோம். கோவில்பட்டி பக்கம், எங்கள் தெருவில் ஒட்டாத வீடு குறைவு. ஏஜெண்ட் சீவலும் தாளும் கொடுத்துவிட்டுப் போவார். ஒட்டிக் காயவைத்துக் குரோஸ் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு குரோஸ் 144. அம்மாவும் அக்காவும் ஒட்டுவார்கள். நான் காயப்போடுவேன், எண்ணுவேன். எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வருவதற்கு முன்னால் 144 வந்துவிட்டது. அக்கா அஞ்சாங்கிளாசோடு நின்றுவிட்டாள்.

1962 நவராத்திரி. அக்காவுக்குப் பதினொன்று, எனக்கு ஏழு. வாத்தியார் வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் வாங்கப் போனோம். கீழ்ப்படிக்கு முன்னால் மண் கொட்டி, கடுகு முளைக்கவைத்து, கண்ணாடியில் குளம் கட்டி, பார்க் போட்டிருந்தார்கள். அதன் நடுவில் மரப்பாச்சி மாப்பிள்ளையும் பொண்ணும் சோபாவில் சாய்ந்திருந்தார்கள். பக்கத்தில் பீரோ. நான் சுண்டலைப் பார்த்தேன். அக்கா பீரோவைப் பார்த்தாள். தாள் சரியாக மூடாத இடத்தில் பேண்ட்ரோல் துண்டு தெரிந்தது.

"ஏலே, இது பெட்டில. நாம ஒட்டுனதால்லா இருக்கும்" என்றாள் என் காதில்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு அவள் ஒன்பது பெட்டியை எடுத்தாள். மேலே மூன்று, நடுவே மூன்று, கீழே மூன்று. எங்களுக்கு மரப்பாச்சி கிடையாது. சோளத்தட்டையில் துணி சுற்றிய ஒரு பொம்மை இருந்தது. அதற்குத்தான் ஒன்பது இழுப்பறை அலமாரி. வாத்தியார் வீட்டு பீரோவில் நாலுதான்! பரணில், பழைய மொறத்துக்குப் பின்னால் வைத்தாள். என்னிடம் மட்டும் காட்டினாள்.

மறுநாள் எண்ணியவன் நான். கடைசிக் குரோஸில் 135 வந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று அம்மா சொல்லவும் ரோஷம் வந்துவிட்டது. பரணைக் கை காட்டினேன்.

அம்மா அக்காவை அடித்தாள். பிறகு உட்கார்ந்து, ஈரத்துணியால் பசையை இளக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஏழு பெட்டி தேறியது. இரண்டில் நீலத்தாளோடு சீவலும் கிழிந்துவிட்டது. மாற்றி ஒட்டச் சீவல் மிச்சம் இல்லை. ஏஜெண்ட் அந்தக் குரோஸை எடுத்துக்கொண்டார், கூலி மட்டும் கொடுக்கவில்லை. முழுக் குரோஸ் இல்லை என்றால் கணக்கில் வராதாம். 142 பெட்டியை அவர் என்ன செய்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கிழிந்த இரண்டையும் அம்மா அடுப்பில் போடவில்லை. அக்காவிடமே கொடுத்தாள். அதில் ஒரு நாற்காலி ஆனது. அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

பிற்பாடு நான் வேலையில் இருந்தபோது, 1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எம்.சி. மேத்தா போட்ட வழக்கு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். பேப்பரில் இரண்டு முறை படித்தேன். நல்ல தீர்ப்புதான். ஆனால் 1986 சட்டத்திலேயே, வீட்டில் குடும்பத்தாரோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு விலக்கு இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணை எந்தச் சட்டத்துக்குள்ளும் வந்திருக்காது.

மரச்சீவல் போய் அட்டைத் தீப்பெட்டி வந்தது. பிறகு செருப்புப் பெட்டி, டி.வி. பெட்டி, இப்போது கொரியர் பெட்டி. இந்த நெளி அட்டை 1856-இல் இங்கிலாந்தில் முதலில் எதற்குக் காப்புரிமை பெற்றது தெரியுமா? உயரமான தொப்பிக்கு உள்பட்டையாக! சாமான் கட்ட 1871-இல்தான் அமெரிக்காவில் பயன்படுத்தினார்கள். நெளிவு நிமிர்ந்து நிற்கிற மாதிரி வெட்டினால் கட்டில் கால் பாரம் தாங்கும், படுத்த மாதிரி வெட்டினால் மடங்கிவிடும். மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு அழுத்திக்கொண்டால் வெடிக்காது. பேத்திக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவளே கண்டுபிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கட்டிலையும் எடுத்து வந்திருந்தாள். அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கட்டிலை வாங்கித் தடவிப் பார்த்தாள். கவிழ்த்தாள். நாலு மூலையையும் கட்டைவிரலின் அடிப்பக்கத்தால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். பெட்டி ஒட்டும்போது அப்படித்தான் அழுத்துவாள்.

"இந்த மூல விட்டுரும் தாயி. இன்னொரு தடவ பச வையி."